கவர் லெட்டரில் ஐந்து வட்டம்

கோயம்புத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 11 வருடம் கணக்கு பார்த்தவன் நான். ஆடிட்டருக்கு லெட்டர், பேங்குக்கு லெட்டர், ஜிஎஸ்டி நோட்டீசுக்குப் பதில் என்று தினமும் எழுதியது எல்லாம் இங்கிலீஷில்தான், ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை. அந்தத் தெம்பில்தான் கனடாவில் டொராண்டோ நகரத்து ஸ்கார்பரோவுக்கு வந்த மூன்றாவது மாதம், வேலை தேட உதவும் ஒரு மையத்தில் வேலை விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புகிற என் கவர் லெட்டரைக் கொண்டுபோய் நீட்டினேன். அங்கே இருந்த அம்மா அதை மெதுவாகப் படித்துவிட்டு, பென்சிலால் ஐந்து இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேறு எதையும் தொடவில்லை. ஐந்தும் ஒரே தப்பு என்றார்.

வட்டத்துக்குள் இருந்தவை இவை: ‘இன்ட்ரஸ்ட் டு ஒர்க்’, ‘எக்ஸ்பீரியன்ஸ் டு ஹேண்டில்’, ‘நோ டிஃபிகல்ட்டி டு ரிலொகேட்’, ‘ரீசன் டு லீவ்’, கடைசியில் நாம் எல்லாரும் கையெழுத்துக்கு மேலே போடுகிற ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’. இதில் என்ன தப்பு என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஊரில் இதே மாதிரி எழுதாத ஆள் யார்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். எங்கள் பி.ஆர்., அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை, அவள் பெயரில் வந்தது, அதற்கான ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வு எழுதியதும் அவள்தான், நான் கூட ஒட்டிக்கொண்டு வந்தவன். “இன்ட்ரஸ்ட் இன் ஒர்க்கிங்னு வரணும்” என்றாள். ஏன் என்று கேட்டால் “அப்படித்தான் வரும்” என்பதற்கு மேல் பதில் இல்லை. சரி என்று லிங்க் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். புதிதாக வந்தவர்களுக்கு கனடா அரசு செலவு செய்து நடத்துகிற ஆங்கில வகுப்பு அது. பி.ஆர். இருந்தால் இலவசம், குடியுரிமை வாங்கிவிட்டால் சேர முடியாது. முதலில் ஒரு தேர்வு வைத்து, கனடியன் லாங்க்வேஜ் பெஞ்ச்மார்க் என்கிற 12 படிகளில் நாம் எந்தப் படி என்று சொல்வார்கள். பேசுவதில் எனக்கு 6 வந்தது, எழுதுவதில் 5. எழுத்தில்தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது போதாதா.

வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. 58 வயது, மகன் கூப்பிட்டு வந்தவர். குடியுரிமைக்கு மொழித் தகுதி காட்ட வேண்டியது 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள்தான், அவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனாலும் வீட்டில் சும்மா இருக்க முடியாது, ஒரு வேர்ஹவுஸ் வேலையாவது வேண்டும் என்று மார்க்கம் ரோடில் பஸ் பிடித்து, குளிரில் மூக்குச் சிவந்து, ஒரு நாள் தவறாமல் வந்துவிடுவார்.

ஒருநாள் வேலை விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். முன்பு பார்த்த வேலை, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, அப்புறம் ‘ரீசன் ஃபார் லீவிங்’ என்று ஒரு கட்டம். அண்ணை அதில் ‘சிஸ்டர் வெட்டிங்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். எட்டிப் பார்த்து, “என்னங்கண்ணா இது?” என்றேன்.

“ஏன் தம்பி, லீவு எடுத்த காரணம்தானே கேக்கினம்? கடைசியா தங்கச்சின்ர கலியாணத்துக்குத்தான் எடுத்தனான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது, டீச்சர் வந்து என்னவென்று கேட்டார். டீச்சர் கயானாவில் பிறந்தவர், நாற்பது வருடமாக இங்கே இருக்கிறார். அவர் போர்டில் இரண்டு வரி எழுதினார். ‘ரீசன் ஃபார் லீவிங்’ என்றால் நீ ஏற்கெனவே வேலையை விட்டதற்குக் காரணம். ‘ரீசன் டு லீவ்’ என்றால் விட்டுப் போக ஒரு காரணம் இருக்கிறது, இன்னும் போகவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்றும் ஆகலாம். அடடா, நான் அந்தக் கவர் லெட்டரை எத்தனை கம்பெனிக்கு அனுப்பியிருப்பேன்!

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த ‘விட்டதற்கு’ என்ற சொல்லையே மனசில் உருட்டிக்கொண்டிருந்தேன். வந்ததற்கு நன்றி. தாமதித்ததற்கு மன்னிப்பு. கண்ட இடத்தில் வண்டி நிறுத்தியதற்கு அபராதம். மூன்றையும் இங்கிலீஷில் போட்டுப் பார்த்தால் தேங்க்ஸ் ஃபார் கமிங், அப்பாலஜி ஃபார் டிலேயிங், ஃபைன் ஃபார் பார்க்கிங். மூன்றிலும் ஃபார், மூன்றிலும் இங். அதாவது தமிழில் ‘ததற்கு’ என்று இறந்தகாலத்தில் முடிந்தால் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு ஃபார் போட்டு இங் ஒட்டலாம். எதிர்காலத்தில்தான் வம்பு. ‘போவதற்கு அனுமதி’ என்பது பெர்மிஷன் டு கோ, அங்கே இங் கிடையாது. நம் சொல் காலத்தைக் காட்டுகிறது, அவர்களுடைய இங் காலத்தைக் காட்டுவதே இல்லை. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் பனியில் நடந்து வந்தேன் என்பது வேறு விஷயம்.

அப்புறம் அந்த ஐந்து வட்டத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் செய்த கோளாறு எங்கே என்று தெரிந்தது. ‘வேலை செய்ய ஆர்வம்’ என்று மனசில் நினைத்து அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், ‘செய்ய’ என்றதும் கை தானாக டு போட்டுவிட்டது. அதையே ‘வேலை செய்வதில் ஆர்வம்’ என்று நினைத்திருந்தால்? ‘இல்’ இருக்கிறது, இன் அங்கேயே நிற்கிறது. கணக்குப் பார்ப்பதில் அனுபவம், எக்ஸ்பீரியன்ஸ் இன் ஹேண்ட்லிங். வீடு மாறுவதில் சிரமம், டிஃபிகல்ட்டி இன் ரிலொகேட்டிங். பதில் போடுவதில் தாமதம், டிலே இன் ரிப்ளையிங். மாற்றிச் சொல்லிப் பார்த்தால் இடறுகிற இடமும் தெரிகிறது: ‘வருவதில் முடிவு’ என்று யாராவது சொல்வோமா? வரத்தான் முடிவு செய்வோம். அதனால் டிசிஷன் டு கம். டிசிஷன் இன் கமிங் இல்லை.

எல்லாவற்றுக்கும் இது சரிப்பட்டு வராது, ஏமாறாதீர்கள். ‘பேசுவதில் பயம்’ என்பது ஃபியர் ஆஃப் ஸ்பீக்கிங், இன் வராது. இந்த ஆஃப் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் இந்த இடத்தில் நாம் உருபு போடுவதில்லை, பெயரெச்சம்தான் அந்த வேலையைச் செய்கிறது. வேலை போய்விடும் பயம், தாமதமாக வரும் பழக்கம், ஜெயிக்கும் வாய்ப்பு, வீடு வாங்கும் எண்ணம். இத்தனைக்கும் ஆஃப். இதில் ஒரு பொல்லாத குழி உண்டு. டொராண்டோ டவுன்டவுனில் குளிர்காலம் முடியும் சமயத்தில் உயரக் கட்டிடங்களிலிருந்து ஐஸ் பாளம் பாளமாக விழும், கீழே நடைபாதையில் ‘ஃபாலிங் ஐஸ்’ என்று பலகை வைத்துவிடுவார்கள். விழும் ஐஸ், ஃபாலிங் ஐஸ், சரி. அதே போல ‘விழும் அபாயம்’ என்பதை நான் ‘ஃபாலிங் டேஞ்சர்’ என்று வகுப்பில் எழுதி வைத்தேன். டீச்சர் சிரித்துக்கொண்டே, “அபாயம் மேலேயிருந்து விழுகிறதா?” என்று கேட்டார். நமக்கு ஐஸும் அபாயமும் ஒரே ‘விழும்’தான். அவர்களுக்கு ஐஸ் விழுகிறது, அபாயம் விழுவதில்லை, அதனால் டேஞ்சர் ஆஃப் ஃபாலிங்.

கடைசி வட்டம்தான் எனக்கு ரொம்ப நாள் ஆகியும் ஆறவில்லை. டு வந்தால் இங் வராது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? டீச்சர் சொன்ன சோதனை சுலபமானது: டு-வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஃப்ரைடே’ என்று சொல்ல முடிகிறதா? முடிகிறதென்றால் அந்த டு வேற டு, ‘வெள்ளிக்கிழமைக்கு’ என்கிற மாதிரி, அதன் பின்னால் வினை வந்தால் இங் போட்டுத்தான் ஆக வேண்டும். அப்ஜெக்‌ஷனும் இந்த ஜாதிதான். மில்லில் இருந்தபோது நோ அப்ஜெக்‌ஷன் சர்ட்டிஃபிகேட் நூறாவது அடித்துக் கொடுத்திருப்பேன், ஒவ்வொன்றிலும் ‘நோ அப்ஜெக்‌ஷன் டு கிவ்’ என்று. வாங்கிக்கொண்ட பேங்க்காரர்களுக்கும் அதில் ஆட்சேபம் இருக்கவில்லை.

சரியாகச் சொன்னால் வேலை கிடைத்துவிடுமா என்று கேட்காதீர்கள். மெத்தத் தப்பாகப் பேசுகிற எத்தனையோ பேர் இங்கே கடை வைத்து, வீடு வாங்கி, நன்றாக இருக்கிறார்கள். டாக்டரிடம் போய் ‘ட்ரபிள் டு ஸ்லீப்’ என்று சொன்னாலும் தூக்கம் வரவில்லை என்று அவருக்குப் புரியும். அது ‘ட்ரபிள் ஸ்லீப்பிங்’, நடுவே ஒன்றுமே வராது என்பது இன்னொரு தலைவலி. ஆனால் காகிதத்தில் அப்படி இல்லை. கணக்குப் பார்க்கிறவனைக் காகிதத்தை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள்.

கவர் லெட்டரைத் திரும்ப எழுதி அனுப்பினேன். ஏப்ரலில் ஒரு சின்ன ஆபீசில், வாரத்துக்கு மூன்று நாள் புக்கீப்பிங் வேலை. அண்ணைக்கு எனக்கு முன்பே வேர்ஹவுஸில் கிடைத்துவிட்டது. அந்தப் படிவத்தை அவர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தரம் பார்க்கச் சொன்னார். சிஸ்டர் வெட்டிங்கை ரப்பர் போட்டு அழித்த தடம் மேலே தெரிந்தது, அதன் மேல் ‘ஃபார் கமிங் டு கனடா’ என்று எழுதியிருந்தார்.

“ஃபார் வேண்டாங்கண்ணா, கட்டத்திலேயே ஃபார் இருக்கு.”

“கிடக்கட்டும் தம்பி, இப்பதான் பிடிபட்டது.”