டேவிட் பிராஞ்சின் நாற்காலி

1979இல் கனடாவின் ஒன்டாரியோ ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீகுக்கு ஆணையராக வந்தவர் டேவிட் பிராஞ்ச். எழுந்து போனது 2024இல். நடுவே 1996 முதல் 2019 வரை கனடிய ஜூனியர் லீகுகளின் கூட்டமைப்புக்கும் அவரே தலைவர். நம்மூர் விளையாட்டுச் சங்கத்தில் ஒருவர் இப்படி உட்கார்ந்திருந்தால் என்னென்ன பேசியிருப்போம்!

ஆனால் மனிதர் கண்டிப்பானவர். 2009இல் கிச்சனர் நகரில் 20 வயது வீரர் ஒருவர் 16 வயதுப் பையனை வேகமாக வந்து மோதினார். ஹெல்மெட் தெறித்தது, மண்டையோட்டில் விரிசல் விழுந்தது. பிராஞ்ச் அந்தப் பருவம் முழுவதற்கும் தடை போட்டார், பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃப் ஆட்டங்கள் உட்பட. ஜூனியர் லீகின் 20 வயது வரம்பு குறுக்கே நிற்க, மோதியவரின் ஜூனியர் ஆட்டம் அத்தோடு முடிந்தது. 2012இல் ஆட்டத்தின் நடுவே வீரர்கள் போடும் கைச்சண்டைக்கும் கணக்கு வைத்தார்: ஒரு வீரருக்குப் பருவத்துக்கு 10, அதைத் தாண்டினால் 2 ஆட்டம் வெளியே. (பத்து வரை பரவாயில்லையாம்!)

இந்த லீகில் ஒரு பருவம் ஆடினால் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணம் என்ற ஏற்பாடு எனக்குப் பிடித்தது. ஆனால் டிக்கெட் விற்று நடத்தும் லீகில் ஆடும் பையன்களுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது என 2018இல் மாகாண அரசு விலக்களித்ததை மட்டும் என்னால் செரிக்க முடியவில்லை.