ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால்

எங்கள் கேம்பர் வேன் 1984-ஆம் வருஷத்து ஃபோக்ஸ்வாகன் டி3. எஞ்சின் வண்டியின் பின்கோடியில், ரேடியேட்டர் முன்கோடியில். நடுவே வண்டியின் வயிற்றுக்கு அடியில் இரண்டு நீளக் குழாய்கள். உள்ளே சுற்றி எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் மட்டும் சுமார் 17 லிட்டர்! இத்தனை ஹோஸ், இத்தனை இணைப்பு இருக்கிற வண்டியில் கூலண்ட் ஒழுகினால் எங்கே என்று தேடுவதுதான் பெரிய வேலை.

ஜெர்மனியில் ஃப்ரைபுர்க்கிலிருந்து டிட்டிசே போகும் மலை ஏற்றத்தில், வெப்பமானியில் இருக்கும் சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. முள் நடுவில்தான் நின்றது. ஆனால் கூலண்ட் டேங்கில் அளவு குறைந்தாலும் இந்த விளக்கு சிமிட்டும் என்பதால் உடனே ஓரம்கட்டினோம். எஞ்சினின் இடதுபக்க ஹெட், அதாவது சிலிண்டர்களை மூடும் பாகம், நனைந்திருந்தது. வண்டியைப் பார்த்த பட்டறைக்காரர், இரண்டு பக்க ஹெட்டையும் கழற்றி, கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும் என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. டி3 1979-ல் காற்றால் குளிரும் எஞ்சினோடு வந்தது. தண்ணீரால் குளிரும் பெட்ரோல் எஞ்சின் 1982-ல்தான் சேர்ந்தது. இந்த எஞ்சினில் சிலிண்டருக்குள் எரியும் வாயுவை அடைக்க சிலிண்டரின் முனையில் உலோக வளையம், தண்ணீரை அடைக்க வெளியே தனியாக ஒரு ரப்பர் கேஸ்கெட். ரப்பர் உட்காரும் இடத்தில் அலுமினிய ஹெட் அரித்துக் குழி விழுந்தால் கூலண்ட் வெளியே கசியும். பாஸ்பேட் கலந்த கூலண்ட் ஊற்றிய வண்டிகளில் இது அதிகம் என்பார்கள். அதனால் எஞ்சின் பக்கம் ஈரம் தெரிந்தாலே எல்லார் வாயிலும் ஹெட் கேஸ்கெட்தான்.

கூலண்டில் புகை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவச் சோதனை இங்கே போதாது. உலோக வளையம் நன்றாக இருந்து ரப்பர் மட்டும் போயிருந்தால் திரவம் மஞ்சளாக மாறவே மாறாது. நம்பக்கூடியது அழுத்தச் சோதனைதான். எஞ்சினை ராத்திரி முழுக்க ஆறவிட்டு, ஈரத்தையெல்லாம் துடைத்துக் காயவைத்துவிட்டு, கூலண்ட் டேங்கின் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி அழுத்தத்தை சுமார் 1 பார் வரை ஏற்றினேன். பம்பின் அழுத்தமானியில் முள் மெதுவாக இறங்கியது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, ஹெட்டுக்கும் எஞ்சின் உடலான பிளாக்குக்கும் நடுவிலுள்ள கோட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது.

எஞ்சினுக்கு முன்னால், கியர்பாக்ஸ் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பியபோதுதான் சொட்டு கண்ணில் பட்டது. எங்கள் வண்டியில் அந்த நீளக் குழாய்கள் பிளாஸ்டிக். ஒன்றின் பின்முனையில், ஹோஸ் கிளாம்புக்கு அடியில், மயிரிழை விரிசல். நிற்கும்போது நேராகக் கீழே சொட்டுவது, ஓடும்போது காற்றில் பின்னால் போய் ஹெட்டில் படிந்திருக்கிறது. ஈரம் பட்ட இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு.

ஒரு குழாய் விரிந்தால் அதே வயதுடைய மற்றதையும் நம்புவதில் அர்த்தமில்லை. இரண்டையும் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போட்டேன். பின் சீட்டுக்கு அடியில் இன்னொரு ஹீட்டர் இருக்கிறது. அதன் ஹோஸ்கள் ஒழுகவில்லை. ஆனால் அந்த சீட்டில்தான் என் மகள் உட்காருகிறாள், கொதிக்கும் கூலண்ட் அவள் கால் பக்கம் பீறிடும் வாய்ப்பைக்கூட நான் வைக்க விரும்பவில்லை. அவற்றையும் மாற்றினேன்.

வடித்த கூலண்டைத் திறந்து வைக்காதீர்கள், தயவுசெய்து. எத்திலீன் கிளைகால் இனிக்கும். பூனையும் நாயும் நக்கிவிட்டால் கொஞ்சமே போதும், சிறுநீரகம் போய்விடும். மூடியுள்ள கேனில் ஊற்றி, ஊரின் அபாயக் கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

புதிதாக ஊற்ற பாஸ்பேட் இல்லாத நீல நிற ஜி11 வகையும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. சுமார் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. பழைய சிவப்பு ஜி12 வகையை இதோடு கலந்தால் பழுப்புச் சேறாகிவிடும்.

அப்புறம் ஏர் லாக். இவ்வளவு நீளக் குழாயில் காற்று தங்கினால் எஞ்சின் சூடேறிவிடும், புதுக்குழாய் போட்டதெல்லாம் வீண். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டு சுமார் 40 சென்டிமீட்டர் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஹீட்டர் எல்லாவற்றையும் முழுச்சூட்டில் திறந்து, எஞ்சின் பக்கத்தில் காற்றை வெளியேற்றும் பிளீட் வால்வையும் ரேடியேட்டரின் மேலே இருக்கும் திருகையும் தளர்த்தி, டேங்கில் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் ஓடவிட்டால் ரேடியேட்டர் திருகிலிருந்து முதலில் குமிழியும் நுரையுமாக வரும். நுரை நின்று கூலண்ட் ஒரே சீராக வரும்வரை அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். மனைவி உள்ளே ஆக்சிலரேட்டரை மிதிக்க, நான் முன்னால் திருகோடு நின்றேன். தனியாளாகச் செய்வது கஷ்டம்.

முதல் நீளப் பயணம் முடிந்து எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டேங்கைத் திறந்து அளவைப் பார்த்தேன், கொஞ்சம் இறங்கியிருந்தது. மிச்சமிருந்த காற்று வெளியேறினால் அப்படித்தான் ஆகும். ஊற்றி நிரப்பி, புது ஹோஸ் முனைகளில் திருகு கிளாம்புகளை இன்னொரு சுற்று இறுக்கினேன். அடுத்த பயணத்துக்குப் பிறகு அளவு இறங்கவில்லை.