அவுட் ஆனவன் ஏன் ஓடுகிறான்?

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஆர்லாண்டோவிலிருந்து காரில் ஒரு மணி நேரம், டேட்டோனா பீச். எல்லோரும் கார் ரேஸுக்கும் கடலுக்கும்தான் அங்கே போவார்கள். நான் போனது ஒரு கல்லூரி பேஸ்பால் மேட்ச் பார்க்க. ஹாலிஃபாக்ஸ் ஆற்றில் இருக்கிற சிட்டி ஐலண்ட் என்ற சின்னத் தீவில் 1914-லிருந்து இருக்கிற மைதானம், இன்றைய பெயர் ஜாக்கி ராபின்சன் பால்பார்க்.

வாசலில் இரண்டு பிள்ளைகளோடு ராபின்சன் சிலையாக நிற்கிறார். 1946-ல் அவர் டாட்ஜர்ஸ் என்ற பெரிய பேஸ்பால் அணியின் கிளை அணியான மாண்ட்ரியால் ராயல்ஸில் இருந்தார். வெள்ளையரோடு ஒரு கறுப்பர் ஆடுவதா என்று ஜாக்சன்வில் நகரம் மறுத்தது, சான்ஃபோர்டும் மறுத்தது. டேட்டோனா சரி என்றது, மார்ச் 17 அன்று இங்கே ஆடினார். அன்று ஹிட் ஒன்றும் அடிக்கவில்லை, ஆனாலும் ஒரு பேஸைத் திருடி, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த மூலைக்கு ஓடிப் பிடித்து, ரன் எடுத்துவிட்டார். அவரைப் பார்க்க வந்த கறுப்பர்களை மட்டும் தனியாகத்தான் உட்கார வைத்தார்கள். அடுத்த வருஷம் ஏப்ரல் 15-ல் அவர் பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகுக்கே போய்விட்டார்.

இன்று இது பெத்யூன்-குக்மேன் அணியின் சொந்த மைதானம். மேரி மெக்லியோட் பெத்யூன் என்ற கறுப்பினப் பெண்மணி 1904-ல் கையில் ஒன்றரை டாலரோடு, ஐந்து சிறுமிகளை வைத்து இதே ஊரில் தொடங்கிய பள்ளிதான் வளர்ந்து இந்தப் பல்கலைக்கழகமானது. அந்தப் பையன்கள் இந்தப் புல்லில் இறங்கும்போது நான்தான் சிலிர்த்துக்கொண்டிருந்தேன், அவர்கள் பபிள்கம் மென்றுகொண்டு சாவகாசமாக வந்தார்கள்.

கூட்டம் அதிகமில்லை, பாதிப் பேர் ஆட்டக்காரர்களின் அப்பா அம்மா. கல்லூரி ஆட்டத்தில் மட்டை உலோகம், அதனால் பந்து பட்டதும் எவர்சில்வர் குடத்தைக் கரண்டியால் தட்டுகிற மாதிரி ஒரு டிங். டிவியில் மேஜர் லீகின் மர மட்டைச் சத்தத்துக்குப் பழகிய எனக்கு முதல் இரண்டு இன்னிங்ஸ் சிரிப்பாகவே இருந்தது.

நாலாவது இன்னிங்ஸில் ஒருவன் மட்டையை வீசி மூன்றாவது ஸ்டிரைக்கையும் விட்டான். மூன்று ஸ்டிரைக் என்றால் அவுட், அவ்வளவுதானே? திடீரென்று முதல் பேஸுக்கு ஓட ஆரம்பித்தான். அவுட் ஆனவன் எதற்கு ஓடுகிறான் என்று நான் வாய்விட்டுக் கேட்டது பக்கத்து சீட் பெரியவர் காதில் விழுந்துவிட்டது. மட்டைக்காரனுக்குப் பின்னால் இருக்கிற கேட்சர் பந்தைச் சரியாகப் பிடிக்கவில்லை, முதல் பேஸும் காலி, அப்படியென்றால் ஓடலாமாம், பந்து அவனுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்தாலோ, பந்தால் அவனைத் தொட்டாலோதான் அவுட்டாம். இரண்டு பேர் ஏற்கெனவே அவுட் என்றால் முதல் பேஸில் ஆள் இருந்தாலும் ஓடலாம் என்று ஒரு துணை விதி வேறு. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூவை வெளிநாட்டுக்காரருக்கு விளக்கியிருக்கிறேன், அதனால் அவர் பொறுமையின் அருமை எனக்குத் தெரியும்.

பெத்யூன்-குக்மேனுக்கு மேட்ச் தோல்விதான். பெரியவர் தன் குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். கல்லூரியில் வார இறுதி என்றால் ஒரே எதிரணியோடு மூன்று மேட்சாம். "நாளைக்கும் இவர்கள்தான், ஒரு மணிக்கு வந்துவிடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.