இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சை: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்த கதை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் கற்றுக்கொடுக்கிறேன். வாத்தியத்தை வலது பாதத்தின்மேல் சாய்த்து, இடது காலை முழுவதுமாக மடக்கி உட்காருவது எங்கள் வழக்கம் என்பதால், இடது இடுப்பில் வலி கண்டதும் முதலில் அடிபட்டது என் பிழைப்புதான். ஒரு கிளினிக்கில் ஓராண்டுக்கும் மேலாகத் தசைப்பிடிப்பு என்றே மாத்திரை கொடுத்தார்கள். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. சுண்ணாம்புச் சத்துப் படியாத குருத்தெலும்புத் துண்டுகள் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதை எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே அறிந்தேன்.

நோயின் பெயர் சைனோவியல் காண்ட்ரோமாட்டோசிஸ். மூட்டின் உட்சவ்வு குருத்தெலும்பு முடிச்சுகளை உண்டாக்க, அவை உதிர்ந்து மூட்டுக்குள் உருளும். முழங்காலில்தான் அதிகம் வருமாம். புற்றாக மாறுவது மிக அரிது என்று மருத்துவர் சொன்ன பிறகே என் மனைவிக்கு மூச்சு வந்தது.

சிறு துளைகள் வழியே செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பிக்குக் கையொப்பமிடும் நிலையில் இருந்தேன். சிறிய தழும்பு, விரைவில் வீடு. யாருக்குத்தான் ஆசை வராது? இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான் படத்தில் மூட்டின் பின்புறம், கீழ்ப்பகுதியில் கொத்தாகக் கிடந்தவற்றைக் காட்டி, “கருவி அங்கே எட்டுவது கடினம், மாஸ்டர், மிச்சம் வைத்தால் மறுபடி வலிக்கும்” என்றார். செயற்கை மூட்டு பற்றிக் கேட்டேன். பதில் சொல்லாமல், வாசிக்கும்போது எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டார். அறைத் தரையிலேயே, மனைவியின் கைப்பையை மிருதங்கமாக வைத்து உட்கார்ந்து காட்டினேன். அவரும் குந்தி, என் முழங்காலைப் பிடித்து மெல்லத் திருப்பி, வலித்த இடத்தில் நிறுத்தினார். குருத்தெலும்பு இன்னும் நன்றாக இருக்கும்போது, அதுவும் 43 வயதில், மூட்டையே மாற்றினால் பின்னாளில் அதையும் மாற்ற வேண்டிவரலாம். இப்படி மடக்கி உட்காருவதற்கும் எச்சரிக்கை தேவைப்படும் என்றார்.

மிஞ்சியது திறந்த முறை. தொடையெலும்பின் மேல்முனைப்பைத் தசைகளோடு வெட்டி விலக்கி, எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தக்குழாயைக் காப்பாற்றியபடியே மூட்டை வெளியே நழுவச் செய்து, சுற்றிலும் சுத்தம் செய்வார்கள். எனக்கிருந்த பயமெல்லாம் அந்த இரத்தக்குழாய் பற்றியதே. சுவிட்சர்லாந்தின் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 2001-இல் வெளியிட்ட கட்டுரையில், 213 இடுப்புகளில் ஒன்றில்கூட எலும்புத் தலை இரத்தமின்றிச் சாகவில்லை என்றிருந்ததை மருத்துவர் காட்டியபின் சம்மதித்தேன்.

எடுத்த துண்டுகளைப் புட்டியில் காட்டினார்கள்: ஜவ்வரிசி அளவு முதல் மொச்சை அளவு வரை, வெள்ளை வெளேரென்று. வெட்டிய எலும்பைத் திருகாணிகளால் பொருத்தியிருந்ததால், ஆறு வாரம் இடது காலில் முழுப் பாரம் கொடுக்காமல் ஊன்றுகோல்களோடு நடந்தேன். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடு என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும்.

ஆறாம் மாதம் வாத்தியத்தோடு உட்கார்ந்தேன். முழங்கால் தரையைத் தொடவில்லை. அடியில் மடித்த துண்டை வைத்து, இருபது நிமிடம் ஆதி தாளம் வாசித்தேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் திருகாணி இன்னும் உறுத்துகிறது. அதை எடுப்பதா என்பதை அடுத்த எம்.ஆர்.ஐ.க்குப் பிறகு பேசலாம் என்றிருக்கிறார் மருத்துவர்.