மூன்று பள்ளிகள், ஒரு குலுக்கல்

என் தாத்தா தினமும் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவார். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, அவருக்கு மட்டும் துக்கம். அவருடைய கொள்ளுப்பேத்தி அமெரிக்காவில் லாட்டரிக் காசில்தான் படிக்கிறாள் என்று சொன்னால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஜார்ஜியா மாநிலத்தில் நான்கு வயதுக் குழந்தைகளுக்கான ப்ரீ-கே வகுப்புக்கு அரசு லாட்டரி வருமானத்திலிருந்து பணம் வருகிறது. 1995 முதல் பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. வகுப்புக்குக் கட்டணமும் இல்லை. செப்டம்பர் முதல் தேதிக்குள் நான்கு வயது நிறைந்தால் போதும். என் மகள் பிறந்தது ஆகஸ்ட் 27. ஆறு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பள்ளி திறந்துவிடுவதால், நான்கு வயது நிறையாமலே நான்கு வயது வகுப்புக்குள் போகும் விசித்திரமும் இதில் உண்டு.

தகுதி எல்லோருக்கும் உண்டு, இடம்தான் இல்லை. கேட்பவர்கள் அதிகமாக இருந்தால் குலுக்கல். பணமும் குலுக்கலில், இடமும் குலுக்கலில்.

நாங்கள் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில், ஃபுல்டன் கவுண்டியில். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. வரைபடத்தில் இந்தக் கவுண்டி நீண்டு கிடக்கும். நடுவில் இருக்கும் அட்லாண்டா நகரத்துக்குத் தனிக் கல்வி நிர்வாகம். கவுண்டியின் பள்ளிகள் அதற்கு வடக்கிலும் தெற்கிலுமாகச் சிதறியிருக்கின்றன. எல்லா ஆரம்பப் பள்ளிகளிலும் ப்ரீ-கே கிடையாது. ஆகவே "கவுண்டியில் எது நல்ல பள்ளி?" என்று கேட்டுப் பயனில்லை. காலை நெரிசலில் காரில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதுதான் முதல் வடிகட்டி. எங்களுக்கு மூன்று பள்ளிகள் மிஞ்சின.

என் கணவர் ஓர் அட்டவணை போட்டார். முதல் பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு ஒன்பது மதிப்பெண், இரண்டாவதற்கு ஐந்து, மூன்றாவதற்கு எட்டு. ஐந்தை உடனே அடித்துவிட்டார். அந்த மதிப்பெண் எதை வைத்துப் போடப்படுகிறது என்று நான் தேடிப் பார்த்தேன். ஜார்ஜியாவின் மாநிலத் தேர்வே மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. எட்டு வயதுப் பிள்ளைகள் எழுதிய கணக்குத் தேர்வை வைத்து, இன்னும் மூக்கைச் சரியாகச் சிந்தத் தெரியாத என் மகளுக்குப் பள்ளி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாளைக்கு ஆறரை மணி நேரம், வருடத்துக்கு 180 நாள், மாநிலம் வகுத்த கற்றல் இலக்குகள் – இவை எல்லா ப்ரீ-கே வகுப்புக்கும் பொது. அரசுப் பள்ளிக்குப் பதிலாகத் தனியார் டே கேரில் நடக்கும் ப்ரீ-கே வகுப்பானாலும் இதேதான். எனவே நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஐந்தை மறுபடி சேர்த்தேன்.

முதல் பள்ளியின் வகுப்பறை பளபளவென்று இருந்தது. சுவரில் வரிசையாகக் காகித ஆப்பிள்கள். எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே அளவு, இலைகூட ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. எந்தக் குழந்தை எதைச் செய்தது என்று பெயரைப் படித்தால்தான் தெரியும். என் கணவருக்குப் பிடித்துவிட்டது.

இரண்டாவது பள்ளி பழைய கட்டடம். வாசலில் ஒரு பையன் ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக அழுதுகொண்டிருந்தான். உதவி ஆசிரியை அவன் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஷூவை மாட்டிவிடவில்லை, நாக்குப் பகுதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தள்ளு, இன்னும் கொஞ்சம் தள்ளு" என்றார். நாங்கள் பார்க்கிறோம் என்பதற்காக அவசரப்படவும் இல்லை. கால் உள்ளே போவதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். சுவரில் இருந்த ஓவியங்களில் ஒன்று முழுக்கக் கறுப்பு. "அது ராத்திரி" என்று ஒரு சிறுமி எங்களுக்கு விளக்கினாள். கழிப்பறை வகுப்பறைக்குள்ளேயே இருந்தது. முதல் பள்ளியில் அதற்கு நடைபாதையில் வெகுதூரம் போக வேண்டும். அட்டவணையில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ப்ரீ-கே குழந்தைகளை மாலைப் பராமரிப்பில் சேர்ப்பதில்லை என்றார்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

மூன்று இடத்திலும் ஒரே கேள்வி கேட்டேன்: வகுப்பில் 20 பேரா, 22 பேரா? 2011இல் நிதி நெருக்கடியில் 20ஐ 22 ஆக்கினார்கள். திரும்ப 20க்கு இறக்க 2024இல்தான் பணம் ஒதுக்கத் தொடங்கினார்கள், அதுவும் சில ஆண்டுகளில் படிப்படியாக. இரண்டு குழந்தை அதிகமானால் என்ன என்று கேட்பவர்கள் ஒரு பிறந்தநாள் விழாவை நடத்திப் பார்க்கட்டும்.

விண்ணப்பம் போடுவது எளிது, ஆவணங்கள்தான் பாடு. தடுப்பூசிச் சான்று 3231, கண், காது, பல், ஊட்டச்சத்துப் பரிசோதனைக்கான படிவம் 3300. இரண்டாவதில் பல்லைப் பல் மருத்துவரும் மற்றதைக் குழந்தை மருத்துவரும் பார்த்துக் கையெழுத்திட்டதால் எங்களுக்கு இரண்டு அலைச்சல். மருத்துவர்களிடம் முன்பதிவு கிடைக்கத் தாமதமாகும், வசந்த காலத்திலேயே வாங்கிவிடுங்கள்.

முகவரிச் சான்று காட்டும்போது நம் பெயர் வழக்கம் வேலையைக் காட்டியது. என் கடைசிப் பெயர் என் அப்பாவின் பெயர். கணவருடையது அவருடைய அப்பாவின் பெயர். மகளுடையது என் கணவரின் பெயர். வாடகை ஒப்பந்தம், மின்சார பில், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் பரப்பிவைத்த பள்ளி அலுவலக அம்மாள், "இதில் யார் யாருடைய குடும்பம்?" என்று பொறுமையாகக் கேட்டார். ஒரு தாளில் வம்சாவளி வரைந்து காட்டினேன். அவர் சிரித்துவிட்டு அந்தத் தாளையும் கோப்பில் சேர்த்துவிட்டார். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் இருவர் பெயரும் இருந்ததால்தான் தப்பித்தோம். ஒப்பந்தத்தில் கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்த்துவைத்துக்கொள்வது நல்லது.

குலுக்கலில் இரண்டாவது பள்ளியின் காத்திருப்புப் பட்டியலில் 14ஆவது இடம். ஊரிலிருந்து அம்மா, "அக்கா பெண் இந்த வயதில் 'அ' முதல் 'ஃ' வரை எழுதுகிறாள், உன் பெண்ணுக்கு இன்னும் சீட்டே கிடைக்கவில்லையா?" என்று வாரம் தவறாமல் கேட்டார். பயத்தில் ஒரு டே கேரிலும் பெயர் கொடுத்துவைத்தோம். இங்கே பலர் வீடு மாறுகிறார்கள், பட்டியல் மெதுவாக நகர்ந்தது. ஜூலை கடைசியில் மதிய வேளையில் போன் வந்தது.

இப்போது வீட்டில் ஷூ மாட்ட யாரும் உதவக் கூடாது. "நானே தள்ளுவேன்" என்கிறாள். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறோம். அடுத்த ஆகஸ்டில் கிண்டர்கார்டன். அதற்குக் குலுக்கல் கிடையாது, வீட்டு முகவரிக்கு எந்தப் பள்ளியோ அதுதான். எங்கள் முகவரிக்கு அந்த ஆப்பிள் பள்ளி.