தட்டு பாஸா ஃபெயிலா? மூன்று நடை நடந்த கதை

எவர்சில்வர் தட்டை லேபில் சோதிக்க மூன்று நடை, இரண்டு ரிப்போர்ட், மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம். அதில் முதல் ரிப்போர்ட் வெறும் காகிதம். குற்றம் லேப் மேல் பாதி, என் அவசரத்தின் மேல் பாதி.

ஆரம்பம் வழக்கம்போல வாட்ஸ்அப். எவர்சில்வர் தட்டில் காந்தத்தை ஒட்டிக் காட்டி, 'இது போலி, இதில் சாப்பிட்டால் விஷம்' என்று ஒருவர் மிரட்டும் வீடியோ. பெரியக்கா அனுப்பியிருந்தாள். குழந்தைக்கென்று புதிதாக வாங்கிய ஆறு தட்டிலும் என் மனைவி ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. அப்பாடா என்று அடுக்கி வைத்துவிட்டாள். எனக்குத்தான் உறுத்தல். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உள்ள 304 என்ற எஃகு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 200 வரிசை ரகங்களிலும் ஒட்டாது. நன்றாக ஒட்டுகிற 430 என்ற ரகத்தில் நிக்கலே அநேகமாகக் கிடையாது, அது போலியும் இல்லை. ஆக, வீடியோ மிரட்டியதும் தப்பு, நாங்கள் நிம்மதியானதும் தப்பு.

பில்லில் 304 என்று எழுதியிருந்தது. தட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. எவர்சில்வர் பாத்திரத்துக்கு ஐ.எஸ். 14756-படி முத்திரை கட்டாயம் என்று 2024 மார்ச்சில் ஆணை வந்ததே என்று கேட்டால், "அது பழைய ஸ்டாக் சார்" என்றார் கடைக்காரர்.

முதல் நடை கிண்டிப் பக்கம் ஒரு லேபுக்கு. ஒரு தட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், "ஹெவி மெட்டல் டெஸ்ட் பண்ணணும்" என்றேன். "கலவை பாக்கணுமா, கசிவு பாக்கணுமா சார்?" என்று கேட்டது வரவேற்பிலிருந்த பெண். விழித்தேன். எஃகுக்குள் என்னென்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதிலிருந்து சாப்பாட்டில் என்ன இறங்குகிறது என்பது வேறு கேள்வி. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதற்கு ஒரே மாதிரி மூன்று தட்டு, பயன்படுத்தாதது, பெயர் வெட்டாதது வேண்டுமாம். எங்கள் ஆறிலும் பாப்பா பெயரைக் கடைக்காரர் இலவசமாக வெட்டிக் கொடுத்திருந்தார்! திரும்பி வந்து அதே கடையில் பெயர் வெட்டாமல் மூன்று வாங்கினேன். அதே லாட்தானா, யார் கண்டது.

இரண்டாம் நடையில் 4,200 ரூபாய் கட்டினேன். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. காரீயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நான்குக்கும் நேராக 'அளவிடும் எல்லைக்குக் கீழே'. "ஏங்க, இதுல சோறு போடலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் மனைவி. அதுதான் ரிப்போர்ட்டில் இல்லை. எந்த வரம்போடு ஒப்பிட வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்காவிட்டால் பாஸ், ஃபெயில் எதுவும் போட மாட்டார்கள்.

அடியில் பொடி எழுத்தைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. அவர்கள் அளவிடும் எல்லை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். உணவுப் பாத்திர உலோகங்களுக்கான ஐரோப்பிய கவுன்சிலின் வழிகாட்டியில் காரீயத்துக்கு வரம்பே கிலோவுக்கு 0.010 மில்லிகிராம். அவர்கள் எல்லையில் பத்தில் ஒரு பங்கு! காய்கறிக் கடைத் தராசில் மூக்குத்தியை வைத்துவிட்டு, எடையே இல்லை என்று சொன்ன மாதிரி. தட்டை ஊறவைத்தது வெறும் சுடுதண்ணீரில். நாம் தட்டில் ஊற்றுவது புளிக்குழம்பும் ரசமும். எஃகிலிருந்து இறங்கக்கூடிய நிக்கல், குரோமியம், மாங்கனீசு மூன்றும் பட்டியலிலேயே இல்லை. ஃபோன் போட்டுக் கத்தினேன். "நீங்க கேட்டதைத்தான் சார் பண்ணினோம்." உண்மைதான். வாசலில், லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் பலகை பெரிதாக இருந்தது. ஆனால் அந்த அங்கீகாரம் எந்தெந்தச் சோதனைக்கு என்ற பட்டியல் என்.ஏ.பி.எல். தளத்திலேயே கிடைக்கும். பணம் கட்டிய பிறகுதான் பார்த்தேன். குடிநீருக்கு இருந்தது, பாத்திரத்துக்கு இல்லை. நீங்கள் கட்டுவதற்கு முன்னால் பாருங்கள்.

மூன்றாம் நடை அம்பத்தூர், வேறு லேப். இந்தத் தடவை ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்: லிட்டருக்கு 5 கிராம் சிட்ரிக் அமிலம், 70 டிகிரி, இரண்டு மணி நேரம், அதே தட்டில் புதுத் திரவம் ஊற்றி மூன்று முறை, ஆறு உலோகம், அளவிடும் எல்லை வரம்பில் பாதிக்காவது கீழே. அங்கிருந்த கெமிஸ்ட் அம்மா படித்துவிட்டுச் சிரித்தார். "இப்படி எழுதிட்டு வந்தா எங்களுக்கும் தலைவலி இல்லை சார்." 6,900 ரூபாய்.

முடிவு: காரீயமும் காட்மியமும் வரம்புக்கு வெகு கீழே. நிக்கல் மூன்றாம் தடவையில் 0.03, வரம்பு 0.14. முதல் தடவை எல்லாமே கொஞ்சம் கூடத்தான் இறங்கியது, பிறகு மளமளவென்று குறைந்தது. புதுப் பாத்திரத்தின் குணம் அது. அதனால்தான் அந்த வழிகாட்டியில் மூன்று முறை செய்யச் சொல்கிறார்கள். ஒரே தடவை செய்யும் லேபை நம்பிப் பயப்பட வேண்டாம்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியைத் தட்டில் வைத்துக் கலவையும் பார்த்துக் கொடுத்தார்கள். மாங்கனீசு 9 சதவீதம், நிக்கல் 1. சாப்பிடலாம், ஆனால் 304 இல்லவே இல்லை. காகிதத்தை நீட்டியதும் கடைக்காரர் வாதாடாமல் பணத்தைத் திருப்பினார், மூன்று தட்டுக்கு மட்டும். "பேர் வெட்டினதை எடுத்துக்க முடியாது சார்."

கருவி கையில் இருக்கும்போதே என்று, அம்மாவின் ஈயச் செம்பையும் பையிலிருந்து எடுத்திருந்தேன். கும்பகோணத்தில் வாங்கியது, சுத்த வெள்ளீயம் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் காரீயம் 11 சதவீதம். கெமிஸ்ட் அம்மா கருவியைத் துடைத்து இன்னொரு இடத்தில் வைத்தார். மறுபடி 11. இதற்குக் கசிவுச் சோதனை எதுவும் வேண்டாம், அடுப்பில் ஏற்றாதீர்கள் என்றார், காசும் வாங்கவில்லை.

நாற்பது வருஷமாக அதில்தான் எங்கள் வீட்டு ரசம். செம்பு இப்போது பரண்மேல். தட்டுக்குப் போன இடத்தில் செம்பை ஏன் காட்டினாய் என்று அம்மா கேட்டார். அதற்குப் பிறகு ரசம் பற்றி என்னிடம் பேசுவதில்லை.