கரும்புக் காலத்து மண்: செபராங் பிறை நாட்குறிப்பு

ஜூன் 2, 2024, ஞாயிறு

குவார் கெப்பாவுக்குப் போய் வந்தேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், பட்டர்வொர்த்துக்கு வடக்கே, பினாகா பக்கம், மூடா ஆற்றின் தென்கரையில் இருக்கிற கம்போங், அதாவது கிராமம். பினாங்குக்காரர்களிலேயே பலருக்கு இப்படி ஓர் இடம் இருப்பது தெரியாது. 2017 ஏப்ரலில் இங்கே காட்சிக்கூடம் கட்டத் தோண்டியபோது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆட்கள் வந்து ஆராய்ந்து, ஏறத்தாழ 5,700 ஆண்டுப் பழையது என்றார்கள். அவளுக்குப் ‘பினாங்குப் பெண்’ என்று பெயர் வந்தது.

அவள் ராணி இல்லை. சிப்பி பொறுக்கித் தின்றுவிட்டு ஓடுகளை ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே வந்த கூட்டத்தில் ஒருத்தி. அந்த ஓடுகள் குவிந்து மேடாகி, அதற்குள்ளேயே இறந்தவர்களையும் புதைத்திருக்கிறார்கள். 1860-இல் ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்த மேடுகளைக் கிளறிப் பார்த்தார். 1934-இல் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் என்ற டச்சுக்காரர் முறையாகத் தோண்டினார். கிடைத்த எலும்புகள், 40-க்கும் மேற்பட்டவர்களுடையவை, நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. திருப்பிக் கேட்டு இங்கிருந்து பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. மேட்டில் மிச்சமிருந்த ஓடுகளையோ சுண்ணாம்பு சுடுகிறவர்கள் அள்ளிப் போய்விட்டார்கள். ஐயாயிரம் வருஷத்துச் சாப்பாட்டுக் கணக்கு யார் வீட்டுச் சுவரிலோ பூசிக் கிடக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று: மொத்த ஆராய்ச்சியும் ஒரு குப்பைமேட்டை நம்பி நடக்கிறது. என்ன தின்றார்கள், கடல் எவ்வளவு பக்கத்தில் இருந்தது, எந்தக் கல்லில் கோடரி செய்தார்கள், எல்லாம் கழித்துப் போட்டதிலிருந்து தெரிகிறது. பாட்டியின் தோட்டத்திலும் லயத்துக்கு, அதாவது கூலிகளின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் குப்பைக்குழி இருந்தது. அதை யாரும் தோண்டவில்லை. போன வருஷம் அதன் மேல் மண் கொட்டிச் சமப்படுத்திவிட்டார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

பத்து கவான். நான் வேலை செய்கிற தொழிற்பேட்டையும் இங்கேதான், அதனால் ஓய்வு நாளிலும் அதே சாலை. 2014-இல் தீவுக்குப் போகிற இரண்டாம் பாலம் திறந்த பிறகு இந்தப் பக்கம் முகமே மாறிப்போனது. தொழிற்சாலை, அடுக்குமாடி, ஐக்கியா. அதற்கு முன் செம்பனை (எண்ணெய்ப்பனை), அதற்கு முன் கித்தா (ரப்பர்). கித்தாவுக்கும் முன்னால் கரும்பு.

‘தோட்டம்’ என்றாலே நம்மாட்களுக்குக் கித்தாதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் செபராங் பிறையில் தமிழர்கள் கூட்டமாக வந்து இறங்கியது கரும்புக்காக. முதலில் தியோச்சு சீனர்கள் நட்டார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்காரத் துரைமார்கள் பெரிய அளவில் இறங்கினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி, முன்பணம் கொடுத்து, அந்தக் கடன் கழியும்வரை ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டார்கள். அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910-இல்தான் ஒழிந்தது. அதே காலத்தை ஒட்டிக் கரும்பும் போய்க் கித்தா வந்தது.

அந்தக் காலத்து மண்ணைப் படிக்க ஒரு வழி, தண்ணீர். கரும்பு ஆலைக்குப் போனது படகில். நிலம் முழுக்கப் பரிட் (வாய்க்கால்) வெட்டி, கடல் ஏற்றத்தைத் தடுக்க மதகு வைத்து, வெட்டிய கரும்பை வாய்க்கால் வழியாகவே இழுத்துப் போனார்கள். ஆலையில் சாறு காய்ச்சச் சதுப்புக் காட்டு பாக்காவ் கட்டை எரிந்தது. இன்றைக்குச் செம்பனைக்கு நடுவே நேர்கோடாக ஓடி, ஓரிடத்தில் காரணமில்லாமல் அகலமாகிற பரிட்டைப் பார்த்தால், படகு திரும்பிய இடமோ என்று நான் சந்தேகப்படுவேன். சந்தேகம்தான். செயற்கைக்கோள் படத்தில் குறித்துக்கொண்டு, அந்த வளைவில் செங்கல் துண்டு இருக்கிறதா என்று கரையோரமாக நடப்பேன்.

இன்று இருந்தது. மஞ்சள் கலந்த செங்கல், சுண்ணாம்புக் காரை ஒட்டியபடி. பக்கத்தில் சேவல் படம் போட்ட கிண்ணத்தின் அடிப்பாகம், பச்சைப் புட்டியின் கழுத்து. மூன்றடி தள்ளி ஒரு சதுரக் காசு. ஐந்தாம் ஜார்ஜ் தலை, ஒரு சென்ட். இந்த வகை 1919-க்கும் 1926-க்கும் இடையில் அடித்தது. அப்படியானால் கரும்பு முடிந்த பிறகும் இந்த இடத்தில் ஆள் இருந்திருக்கிறார்கள்.

காசை எடுக்கவில்லை. பத்து சென்டிமீட்டர் அளவுக்கோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துவிட்டு வந்தேன். மெட்டல் டிடெக்டரோடு இங்கே சுற்றுகிற பையன்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் தோண்டிய குழி வழியெல்லாம் கிடக்கிறது. பழம்பொருளுக்காகத் தோண்ட 2005 தேசிய மரபுடைமைச் சட்டப்படி அனுமதி வேண்டும். அவர்கள் விற்கிற காசு எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில், கள்ளுக்கடைப் பக்கமா கிணற்றுப் பக்கமா கிடந்தது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. ராஜா தலை மட்டும் மிஞ்சும். எனக்கு ராஜாவே வேண்டாம்.

ஜூன் 15, சனி

மழை. பரிட் நிரம்பிவிட்டது. போகவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பாட்டியோடு காலை முழுக்க. மேசைமேல் பெரிய வெள்ளைத்தாளை விரித்து, லயத்தை வரையச் சொன்னேன். “எனக்கு எழுதவே வராது, வரையச் சொல்றியே” என்றவர், பேனாவைத் தொடாமல் சீனி டின்னையும் கரண்டியையும் எடுத்து வைக்க ஆரம்பித்தார். இது பிரட்டுக் களம், காலையில் ஆளெடுக்கிற இடம். இது ஆயக்கொட்டகை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். இங்கே கிராணி (கணக்கர்) வீடு, மேட்டில். துரை பங்களா இங்கே இல்லை, அது மேசையை விட்டு வெளியே.

பாட்டி கித்தா காலத்து மனுஷி, கரும்பைப் பார்த்தவரில்லை. ஆனால் லயம் அதே இடத்தில்தான் திரும்பத் திரும்ப எழுந்தது என்பது அவர் பேச்சில் தெரிந்தது. முதலில் அத்தாப்பு (ஓலைக்கூரை), பிறகு தகரம், கடைசியில் பலகையும் சிமெண்டும். காரணம் கேட்டேன். “கிணறு அங்கதானே இருக்கு. கிணத்தை யாரு தூக்கிட்டுப் போவா?” வாய்க்கால்களை வைத்து நான் யோசித்து யோசித்துப் பிடிக்கப் பார்த்த விஷயம்.

பிறகு மரம். காணாமல் போன லயத்தைக் கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி இது: செம்பனைக்கு நடுவே முருங்கை நின்றால் அங்கே வீடு இருந்தது. கறிவேப்பிலை நின்றால் அது வீட்டின் பின்பக்கம், குளிக்கிற தண்ணீர் ஓடிய இடம். வேம்பு கோயிலுக்கோ களத்துக்கோ அருகில். புளி இருந்தால் சுற்றிப் பார், கல் நட்டு முனியாண்டி வைத்திருப்பார்கள். இதெல்லாம் தானாக முளைக்கிற காட்டுமரம் இல்லை, யாரோ விதையோ குச்சியோ கொண்டுவந்து ஊன்றியது. தோண்டவே வேண்டாம், தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும். நிலத்தைச் சமப்படுத்துகிற இயந்திரம் முதலில் சாய்ப்பதும் அந்த மரத்தைத்தான்.

அம்மியையும் ஆட்டுக்கல்லையும் பற்றிக் கேட்டேன். தோட்டத்தை விட்டு வெளியேறும்போது லோரியில் இடமில்லை என்று பலர் விட்டுவிட்டுப் போனார்களாம். பாட்டி தன்னுடையதைக் கொண்டுவந்துவிட்டார். அதன் மேல்தான் இப்போது துளசித் தொட்டி.

ஜூலை 7, ஞாயிறு

இன்று பினாங்கில் பொதுவிடுமுறை. ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரானதைக் கொண்டாடும் நாள். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தீவில் பாட்டு, கூத்து, தெருவெல்லாம் கூட்டம். லிட்டில் இந்தியாவும் அந்த எல்லைக்குள் வருகிறது, நமக்கும் பங்கு உண்டு, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் காக்கப்படுகிற மையப் பகுதியும் அதைச் சுற்றிய பகுதியும் சேர்த்து 260 ஹெக்டேர்கூட வராது. எங்கள் தோட்டத்தின் ஒரு டிவிஷன் (பிரிவு) அதைவிடப் பெரியது என்பார் மாமா.

மாலையில் நண்பன் வந்தான். கெடாவிலிருந்த பழைய கடாரம்தான் அவன் பேச்சு. பூஜாங் பள்ளத்தாக்கு, ராஜேந்திர சோழன், 1025, கப்பல் படை. ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். 2013-இல் அங்கே 11-ஆம் எண் சண்டியை (பழங்காலக் கோயிலை) நில மேம்பாட்டுக்காக இடித்தபோது துடித்துப் போனவன். நானும்தான். ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட செங்கல் அடித்தளம், மண்ணாகப் போனது. அந்தக் கோபம் நியாயம்.

“அதே வருஷங்களில்தானே எங்கள் லயமும் போனது, அதற்கு ஏன் நீ ஒரு கடிதம்கூட எழுதவில்லை?” என்றேன்.

“அது லயம்டா. தகரக் கொட்டகை. அதில் என்ன வரலாறு?”

அவன் தாத்தா அந்தத் தகரத்துக்குக் கீழேதான் பிறந்தார். சோழன் படையில் இவன் முப்பாட்டன் வந்தானா என்று எந்தக் கல்வெட்டும் சொல்லாது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவன் நிச்சயமாக முப்பாட்டன்தான். கடாரத்தைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசர்கள் கல்லில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவர்களுக்கு வாதாட ஆளும் இருக்கிறது. கூலிக்காரன் எழுதியது செக்ரோலில் (ஆள்கணக்குப் புத்தகத்தில்) கட்டைவிரல் ரேகை ஒன்றுதான். அவன் எப்படி வாழ்ந்தான் என்பதற்கு அவன் மிதித்த தரையும் கழித்துப் போட்ட பொருளும்தான் சாட்சி. அதனால்தான் லயத்துக்குத் தொல்லியல் இன்னும் அவசியம் என்றேன். அவன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் பத்து கவானுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னான், செருப்போடு வராதே என்றேன்.

ஜூலை 20, சனி

குவீன்ஸ்பே கடற்கரையில் நின்று எதிரே இருக்கிற புலாவ் ஜெரஜாக் தீவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்தவர்கள் அதைப் பின்னணியாக வைத்துப் படம் எடுக்கிறார்கள். தொழுநோயாளிகளை அங்கே ஒதுக்கி வைத்திருந்தார்கள், இந்தியாவிலிருந்து கப்பல் மேல்தளத்தில் வந்த கூலிகளைத் தடுப்புக் காவலில் நிறுத்தினார்கள், 1969 முதல் 1993 வரை சிறை. வேண்டாதவர்களை நிறுத்திவைக்கும் தீவு என்றே நூறு வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார்கள்.

அங்கே ரஷ்ய மாலுமிகளின் கல்லறை இருக்கிறது. 1914 அக்டோபரில் எம்டன் கப்பல் பினாங்குத் துறைமுகத்தில் மூழ்கடித்த ஜெம்சுக் கப்பலின் ஆட்கள். அவர்கள் நாட்டுத் தூதரகம் இன்றும் மலர்வளையம் வைக்கிறது. செத்த மாலுமிகளுக்குக் கல்லாவது இருக்கிறது. காவலில் இறந்த நம் கூலிகளுக்கு யார் வைப்பார்கள்?

தோட்டத்துச் சுடுகாட்டிலும் இதே சிக்கல். புதைத்த மேட்டில் கல் வைக்கிற வழக்கம் அபூர்வம். ஒரு செடி, ஒரு குச்சி, சில இடத்தில் தலைமாட்டில் கவிழ்த்த புட்டி. இரண்டு மழைக்காலத்தில் மேடு அமிழ்ந்துவிடும். துரைக்குச் சலவைக்கல் இருக்கிறது, பெயரும் வயதும் ஊரும் படிக்கலாம். நம் ஆள் எங்கே கிடக்கிறான் என்று தெரிந்தவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிப்போய் எல்லையை மட்டும் நடந்து குறிக்க வேண்டும். அங்கே மண்வெட்டி எடுக்கவே கூடாது. அதில் எனக்குத் தொல்லியலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. தோட்டத்தில் மிஞ்சியது கோயில் ஒன்றுதான். மூன்று பக்கமும் தொழிற்சாலை வேலி, நடுவே அம்மன். பட்டர்வொர்த், சுங்கை பாக்காப், தீவு என்று சிதறிப்போனவர்கள் ஆடியில் இங்கேதான் கூடுகிறார்கள். கூழ் ஊற்றி முடிந்ததும் ஓரமாகப் பாய் விரித்து, வரைபடத்தைப் போட்டேன்.

எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். கோயில் செயலாளர் பீரோவிலிருந்து பழைய வரவுசெலவுப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். கறையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது, நடுவில் படிக்கலாம். திருவிழாவுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று லய எண்ணோடு எழுதியிருக்கிறது. எந்த வீட்டில் எந்தக் குடும்பம் என்று இதைவிட நல்ல ஆவணம் வேறு கிடைக்காது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன், நிழல் விழாமல் இருக்க நண்பன் வேட்டியை விரித்துப் பிடித்தான். (வந்திருந்தான். செருப்போடு.)

ஒரு அக்கா தன் அம்மாவின் சிவப்பு ஐசியை (குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டையை) காட்டினார். ஒருவர் ஜப்பான்காரன் காலத்து வாழைமரத் தாள் (வாழைமரப் படம் போட்ட பணத்தாள்) ஒரு கட்டு வைத்திருப்பதாகச் சொன்னார், அடுத்த முறை கொண்டுவருவார். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லோரையும் திருத்திக்கொண்டிருந்தார்.

கள்ளுக்கடை எங்கே இருந்தது என்பதில்தான் சண்டை வந்தது. ஒரு பெரியவர் இரண்டாவது பரிட்டுக்கு இந்தப் பக்கம் என்கிறார். இன்னொருவர் பாலத்தைத் தாண்டி, ஆலமரத்துக்குக் கீழே. “நீ என்னைக்குடா கள்ளுக் குடிச்சே? உனக்கு எப்படித் தெரியும்?” “உன்னைத் தூக்கிட்டு வந்தவனே நான்தானே!” இருவரையும் நண்பனின் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். முதல் இடத்தில் புல்தான். இரண்டாவது இடத்தில் வடிகால் வெட்டியிருந்தார்கள். அந்த வெட்டில், முழங்கால் ஆழத்தில், கறுத்த மண்ணோடு பச்சைக் கண்ணாடித் துண்டுகள் ஒரு வரியாகத் தெரிந்தன. ஜெயித்தவர் கையைத் தட்டினார். தோற்றவரோ, அது கடை மாறி வந்த இடம், பழைய கடை தான் சொன்ன இடத்தில்தான் என்று இன்னும் விடவில்லை.

வரைபடத்தில் இரண்டையும் குறித்திருக்கிறேன். அவருடையதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வடிகாலுக்குச் சிமெண்டு பூசுமுன் அந்த வெட்டை முழுவதும் அளந்து வரைந்தாக வேண்டும். புதன்கிழமைக்கு லீவு போட்டிருக்கிறேன். யாராவது வர முடிந்தால் காலை ஏழு மணிக்குக் கோயிலில் இருங்கள். அளவு நாடாவும் தொப்பியும் கொண்டுவாருங்கள், மண்வெட்டி வேண்டாம்.